ஆண்பனையும் நம் தோப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குனி மாதம் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காரியதரிசியவர்கள் எம்மை இக்கூட்டத்திற்கு அழைத்தபொழுது, "நெடுங்காலம் தாவரநூல் கற்பித்தவராயிற்றே, ஏதேனும் ஒரு மரத்தைப்பற்றிப் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். எந்த மரம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆயினும் இன்றைய நிகழ்ச்சிநிரலின் ஏழாவது தீர்மானத்தைப் படித்துப் பார்த்தபின், பொருள் தேடும் தொல்லை எமக்கு நீங்கிற்று. ஊருக்கு வடக்கே சங்கத்திற்குச் சொந்தமான பனந்தோப்பில் ஆண்பனைகளை மட்டும் வெட்டி விற்று, அவ்விடத்தைத் திருமண மண்டபத்திற்கு வரும் வண்டிகள் நிற்பதற்காகத் திருத்துவது என்பது அத்தீர்மானம். பெண்பனைகள் நுங்கு கொடுப்பவையாதலின் அவற்றைத் தொடுவதில்லையாம். "காயாத மரங்கள்" மாத்திரமே போகும் என்று அதிற் கண்டிருக்கிறது. தீர்மானத்தை எழுதியவர்கள் நம்மவர்களே. சங்கத்தின் வரவு செலவை நன்கறிந்தவர்கள். அவர்கள்மீது எமக்கு வருத்தம் சிறிதுமில்லை. "காயாத மரம்" என்னும் அச்சொல்லின்மீதுதான் எம் வழக்கு.

முதலாவது, பனை ஒரு மரமா என்பதைப் பார்ப்போம். இதென்ன வேடிக்கை என்று பிள்ளைகள் நகைக்க வேண்டா. தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே காழ் உடையனவற்றைப் புல் என்றும், அகத்தே காழ் உடையனவற்றை மரம் என்றும் பிரிக்கின்றது. காழ் என்பது வயிரம். வேம்பையோ புளியையோ அறுத்துப் பாருங்கள். வயிரம் நடுவில் இருக்கும், வெளிப்புறம் மெலிவாயிருக்கும். பனையை அறுத்தால் இதற்கு நேர்மாறு: வெளிப்புறத்தே இரும்புபோன்ற கரிய நாருள்ள வயிரம், உள்ளே செல்லச் செல்லச் சோறுபோன்ற மென்மை. ஆகவே நம் பழைய இலக்கணத்தின்படி பனை ஒரு புல். இக்காலத் தாவர நூலாரும் ஏறத்தாழ இதனையே கூறுகின்றனர். நெல், கரும்பு, மூங்கில், தென்னை ஆகியவற்றைப்போலப் பனையும் ஒற்றை வித்திலை உடைய இனம். லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்து அறிஞர் 1753-இல் இதற்கு இட்ட பெயர் பொராஸஸ் ஃப்ளாபெல்லிஃபெர் என்பது. பின்மொழிக்கு விசிறி தாங்கியது என்று பொருள். ஓலையைக் கண்டு வைத்த பெயர் போலும். புல்லின் உறுப்புக்கு ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை என்று மரபியல் தனிப்பெயர் கூறுவதும், நாம் இன்றும் பனையிலை என்னாது பனையோலை என்றே சொல்வதும் ஒத்திருத்தல் காண்க. (வாழைக்கு மட்டும் இலை என்று சொல்லிவிடுகிறோம். பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலக்கணம் எதற்கு?)

இவ்வாறு புறத்தே வயிரமும் அகத்தே மென்மையுமாய் இருப்பதற்குக் காரணம் உண்டு. வேம்பு முதலிய மரங்களின் பட்டைக்குக் கீழே ஆண்டுதோறும் புதுக்கட்டையை வளர்க்கும் ஒரு மெல்லிய படலம் உள்ளது. அதனாலேதான் அவை பருக்கின்றன. வெட்டுண்ட காயம் ஆறுகிறது. வெட்டிய அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கின்றன. பனைக்கு அப்படலம் இல்லை. எனவே பனையின் உடம்பில் ஆண்டு வளையங்கள் இல்லை. வளையங்களை எண்ணி வயது கூறுதலும் இயலாது. வெட்டுக்காயம் மூடாது, பாட்டன் கொத்திய கொத்து பேரன் காலத்திலும் அப்படியே நிற்கும். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. பனைக்குக் கிளையில்லை; உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான். அக்குருத்துப் போனால் பனை போயிற்று. வேம்பை வெட்டியவன் தவறு செய்தான் என்றால், மறு ஆண்டு அடியிலிருந்து வரும் துளிர் அவனை மன்னித்துவிடும். பனையை வெட்டியவனுக்கு அந்த மன்னிப்பு இல்லை.

சரி, வெட்டினால் வேறு நடுவோம் என்பார்கள். நடலாம், நடத்தான் வேண்டும். ஆனால் காலக்கணக்கை மறக்கலாகாது. பனங்கொட்டை முளைத்து வடலியான பின்பும் பல ஆண்டுகள் அது உயர்வதே இல்லை. தரைமட்டத்திலேயே நின்று அடியைப் பருக்கச் செய்துகொண்டிருக்கும். தன் முழுப் பருமனை அங்கேயே அடைந்து, அதன்பின்பே மேலெழுகிறது. முதற்பாளை வர 12 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை செல்லும். அதுவரையில் அந்த வடலி ஆணா பெண்ணா என்பதைப் பார்வையால் அறிய எவராலும் இயலாது. இளவடலியைக் கண்டே ஆண், பெண் சொல்லும் பெரியவர்கள் எம் ஊரிலும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதிற் பாதி பலித்தது. ஏறக்குறையப் பாதிக்குப் பாதி ஆணும் பெண்ணுமாகவே முளைக்கும் பயிரில் அவ்வளவு பலித்தல் வியப்பன்று.

இனி ஆண்பனையைப்பற்றிப் பேசுவோம். தென்னையில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே பாளையில் உள்ளன. பனையில் அவ்வாறன்று, மரமே ஆண் வேறு, பெண் வேறு. பெண்பனையின் பாளையில் பருத்த பூக்கள் தோன்றி, அவையே குரும்பையாகி, நுங்காகி, ஆவணி அளவிற் பழமாகின்றன. ஆண்பனையின் பாளையோ விரல் விரலாகப் பிரிந்து நீண்ட அலகுகளாய்த் தொங்கும். அவ்வலகுகளின் குழிகளுக்குள் சின்னஞ்சிறு பூக்கள். பூவின் மகரந்தம் தூளாய் உதிரும். சேரருடைய அடையாள மாலையாகிய பனம்பூவை நம் புலவர்கள் போற்றினார்கள். காய்ப்பதில்லை என்பதனால் ஆண்பனையை மட்டும் நம்மவர்கள் எக்காலத்தும் எள்ளியே வந்திருக்கிறார்கள். திருவோத்தூர் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அடியார் ஒருவர் அருமையாய் வளர்த்த பனைகள் யாவும் ஆண்பனைகளாய் நின்றன. கண்டோர் சிலர் நகையாடினர். திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவை குலை ஈன்றன என்பது புராணம். அந்த அடியார் நகைத்தவர்களின் சொற்கேட்டு அம்மரங்களை முன்னமே வெட்டியிருந்தால், சம்பந்தர் வந்து பார்ப்பதற்கு வெறும் அடிக்கட்டைகளே இருந்திருக்கும் என்பது எமக்கு அடிக்கடி தோன்றும்.

புராணம் நிற்க. அந்த ஆண்பூவின் மகரந்தம் இன்றேல் பெண்பனையில் நுங்கு ஏது? ஒவ்வொரு பனங்காயிலும் வழக்கமாக மூன்று கண்கள். ஒவ்வொரு கண்ணும் ஒரு விதை. நாம் உறிஞ்சும் நுங்கு என்பது அவ்விதை தன் முளைக்காகச் சேர்த்துவைத்த இளஞ்சோறு. ஆணில்லாமல் விதையில்லை, விதையில்லாமல் நுங்கில்லை. "அடுத்த தோட்டத்தில் ஆண்பனைகள் உள்ளனவே, அவற்றின் தூள் காற்றில் வாராதா?" என்று நேற்று ஒரு அன்பர் எம்மிடம் கேட்டார். வரலாம். ஆனால் அடுத்த தோட்டத்தார் தம் ஆண்பனைகளைச் சென்ற ஆண்டே செங்கற்சூளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் நம் தோப்பின் ஆண்பனைகளை நம்பிக் கொடுத்தார்கள் என்றே யாம் எண்ணுகிறோம்.

அன்றியும் ஆண்பனை காயாதே ஒழியப் பாலில்லாத பசுவன்று. பதநீர் இரண்டு பாளையிலும் உண்டு. பெண்பனையில் இளங்குலையைச் சீவுகிறார்கள். ஆண்பனையில் அலகுகளைச் சேர்த்துக் கட்டிக் கடிப்பால் நசுக்கிப் பதமாக்கி நுனியைச் சீவுகிறார்கள். பூவுக்கும் காய்க்கும் உணவாகச் செல்லவேண்டிய சர்க்கரைநீர், சீவிய வாயிலிருந்து சொட்டுச்சொட்டாகக் கலயத்தில் இறங்குகின்றது. அதில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குவரை சர்க்கரை. ஒரு பாளையை நாள்தோறும் சிறிது சிறிதாகச் சீவி மாதக்கணக்கில் நீர் எடுக்கலாம். நம் தெற்குச் சீமையில் தை, மாசி தொடங்கி ஆனி, ஆடி வரையில் அதற்குக் காலம். எம் பாட்டனாருக்குக் குத்தகையாய் இருந்த பனைகளுட் பாதி ஆண்பனை. 'காயாத மரம்' என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் யாம் கேட்டதில்லை.

பாட்டனாரைச் சொன்னதனால் பாட்டியாரையும் சொல்லவேண்டும். ஏனெனில் பனையேறியின் வேலையிற் பாதி தரையில் நடந்தது. கலயத்தின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவுவது அவருடைய பொறுப்பு. கொஞ்சம் குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும்; கொஞ்சம் கூடினால் குடிக்க நாக்கு வெந்துபோகும். காற்றிலும் பாளையிலும் உள்ள நொதிகள் சர்க்கரைநீர் கண்டவுடன் பெருகும். சுண்ணாம்பின் காரத்தில் அவை பெருகமாட்டா. மேலும் நீர் புளித்தால் சர்க்கரை சிதைந்துவிடும். சிதைந்த சர்க்கரை எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது. இதையெல்லாம் யாம் கல்லூரியிற் படித்தபோது, பாட்டியார் விரல்நுனியில் வைத்திருந்த பாடத்தைத்தானே இவ்வளவு பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினோம். கள் வேறு, பதநீர் வேறு என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 1987 முதல் தமிழ்நாட்டிற் கள்ளுக்குத் தடையுண்டு. சுண்ணாம்பிட்ட பதநீருக்கு அத்தடை இல்லை.

விடிலியில் அடுப்பு மூட்டியதும் காவோலையும் மட்டையும் விறகு. பதநீர் பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார். மணிக்கணக்கிற் கிளறவேண்டும். பாகு முற்றிவிட்டதா என்று அறியத் துடுப்பிலிருந்து ஒரு துளியைத் தண்ணீரில் விடுவார். அது கரையாது உருண்டு நின்றால் இறக்கலாம். உடனே சிரட்டைகளில் ஊற்றவேண்டும். சற்றே தாமதித்தாலும் சட்டியிலேயே இறுகிவிடும். அந்த உருண்டைத் துளி எங்களுக்கு. அதற்காக நான்கு பேரப்பிள்ளைகள் புகையிற் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்போம். கருப்பட்டியைப்பற்றி ஒரு சொல் இடையே கூறிவிடுகிறோம். சர்க்கரை நோய் உடையவர்கள் எவ்வளவும் உண்ணலாம் என்று கடைகளிற் சொல்லி விற்கிறார்கள். அது பொய். கருப்பட்டியிற் சில உப்புச்சத்துக்கள் உண்டு, வெள்ளைச் சீனியினும் மேலானது, ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. போதாக்குறைக்குச் சீனியைக் கரைத்து ஊற்றியும் கருப்பட்டி என்று விற்கிறார்கள். நல்ல பொருளுக்குப் பொய்யான புகழ் வேண்டியதில்லை.

இதுவரையில் இனிப்பைப் பேசினோம். இனிக் கசப்பையும் பேசாவிடில் நேர்மையாகாது. எம் பாட்டனார் நாளொன்றுக்கு 30 பனைகள், காலையும் மாலையுமாக இருமுறை ஏறினார். பனை ஒன்று 50 அடி என்று கொண்டாலும், நாள்தோறும் 3,000 அடி உயரம் நெஞ்சால் உரசி ஏறியவர் அவர். மார்பிலும் முன்கையிலும் காலின் உட்புறத்திலும் தோல் காய்த்துக் கறுத்து யானைத்தோல் போல் இருக்கும். அவருடைய இளவல் ஓர் ஆனிமாதக் காற்றில் மரத்திலிருந்து வீழ்ந்து இறந்தார். அன்று எம் பாட்டனார் தம் மகனை, அதாவது எம் தந்தையாரை, அழைத்து, "நீ தளைநாரைத் தொடாதே, பள்ளிக்கூடம் போ" என்றார். எம் தந்தையார் போனார், யாமும் போனோம், அதனாலேதான் இன்று இம்மேடையில் நிற்கிறோம். இங்கே அமர்ந்திருப்போரிற் பலருடைய வீட்டுக் கதையும் இதுவாகவே இருக்கும். அரிவாட்பெட்டியையும் தளைநாரையும் பரணிற் போட்டு மூடியவர்கள், பிறர் அறியாவண்ணம் எரித்தவர்கள்கூட நம்மிடையே உண்டு. வெட்கத்தினால் எரித்தோம். நாலு பேர் கூடிய இடத்தில் "பனையேறி மகன்" என்று ஒருவன் சொன்ன சொல் எம்மைப் பள்ளிப் பருவத்திற் சுட்டது; இன்றும் முழுதும் ஆறவில்லை.

ஆதலின், பழைய தொழிலுக்குத் திரும்புவோம் என்று பேச யாம் வரவில்லை. எவருடைய மகனையும் அவன் விருப்பமின்றி மரமேற்ற ஒருவருக்கும் உரிமையில்லை. ஆனால் தொழிலின் துன்பம் வேறு, மரத்தின் குற்றம் வேறு. நம்மைச் சுட்டது மனிதர் வாய்ச்சொல், பனையன்று. மரத்தை விற்றுவிட்டால் அச்சொல் மறைந்துபோகும் என்று நம்மிற் சிலர் உள்ளத்தின் ஆழத்தே எண்ணுகிறார்களோ என்று எமக்கு ஐயமுண்டு. அந்த எண்ணம் எமக்கே பல ஆண்டுகள் இருந்தது. அதனால்தான் துணிந்து சொல்கிறோம்.

கிழக்கே சென்று பார்த்தால் இதே பனைக்கு வேறு மதிப்பு. கம்போடியா நாட்டார் 2005-இல் இதனைத் தம் தேசிய மரமாக அரசவாணையால் அறிவித்தார்கள். அங்கோர் கோயில்களைச் சூழ்ந்து நிற்பது நம் தோப்பில் நிற்கும் அதே இனம். இந்தோனேசியாவில் இதற்கு லொந்தார் என்று பெயர். அச்சொல்லுக்குள் நம் தாலம் ஒளிந்திருக்கிறது. அந்நாட்டின் தென்கிழக்கே ரோத்தி, சாவு என்று இரண்டு வறண்ட சிறு தீவுகள் உள்ளன. ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்னும் மானிடவியலார் அவற்றைப்பற்றி 1977-இல் ஒரு பெருநூல் எழுதினார். அங்குள்ள மக்கள் பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கிச் சாடிகளிற் சேமித்து, வேண்டும்போது நீர்விட்டுக் கரைத்து அதனையே அன்றாட உணவாகக் கொண்டு வாழ்ந்தார்கள். அண்டையிலுள்ள பெரிய தீவுகளில் காட்டை எரித்துப் பயிரிட்டு மண் கெட்டுப் பஞ்சம் வந்தபொழுதும், இச்சிறு தீவினர் பனையை நம்பித் தாழாது நின்றார்கள் என்பது அந்நூலின் கருத்து. அங்கே மரமேறியை இகழ்ந்தால் இகழ்ந்தவன் பட்டினி கிடக்கவேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்துச் செய்தி உங்களுக்குப் புதிதன்று. பழச்சாற்றைப் பாயிற் பரப்பிக் காயவைத்த பனாட்டும், கிழங்கைப் பிளந்து உலர்த்திய ஒடியலும், அம்மாவினாற் செய்யும் கூழும் அங்கே இன்றும் வழக்கில் உள்ளன. நாம் பனங்கிழங்கைப் பொங்கலோடு நிறுத்திக்கொண்டோம். அக்கிழங்கு என்ன என்பது பிள்ளைகள் அறியத்தக்க ஒரு விந்தை. அது வேருமன்று, தண்டுமன்று. பனங்கொட்டையை மண்ணின்மேல் வைத்தால், அதன் ஒற்றை வித்திலையின் காம்பு குழாய்போல நீண்டு, தன் நுனியில் முளைக்கருவைத் தாங்கிக்கொண்டு பூமிக்குள் கீழ்நோக்கிச் செல்கிறது. மற்ற விதைகள் முளையை வெளிச்சத்திற்கு அனுப்ப, பனை தன் குழந்தையை முதலில் ஆழத்திற்கு அனுப்புகின்றது. வெயிலும் ஆடும் எட்டாத ஆழம் சென்றபின்பே மேல்நோக்கி ஓலைவிடத் தொடங்கும். அவ்விடத்தில் மாச்சத்தைச் சேர்த்துப் பருத்த முதலிலையின் உறையே நாம் அவித்துத் தின்னும் கிழங்கு. கொட்டையை உடைத்தால் உள்ளே கிடைக்கும் பஞ்சுபோன்ற இனிய தவுன், விதைச்சோற்றை உறிஞ்சி முளைக்கு அனுப்பும் அதே வித்திலையின் மறுமுனை. ஆகவே பனையை நாற்றாகப் பிடுங்கி நடுதல் அரிது. பிடுங்கும்போதே அடி அறுந்துபோகும். நின்று வளரவேண்டிய இடத்திலேயே கொட்டையை ஊன்றவேண்டும்.

ஓலையைப்பற்றி விரிக்கப் புகுந்தால் இரவாகிவிடும். கூரை, பாய், பெட்டி, முறம், விசிறி, கடகம், மட்டையின் நார், தும்பு என்று நீங்கள் அறிந்தவையே. 1850-இல் ஃபெர்குசன் என்பவர் கொழும்பிற் பனையைப்பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில், தால விலாசம் என்னும் தமிழ்ச் செய்யுள் பனையின் பயன்கள் 801 என்று எண்ணுவதாகக் குறித்திருக்கிறார். எண்ணூற்றொன்றை எண்ணிய புலவருக்கு ஓய்வு மிகுதி போலும். எமக்கு ஒன்றே போதும்: உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இற் சீவகசிந்தாமணியை அச்சிற் கொணர்ந்தது பனையேடுகளிலிருந்து. அவ்வேட்டின் ஓலை ஆண்பனையினதா பெண்பனையினதா என்று அவர் கேட்டிரார்.

இனித் தீர்மானத்திற்கு வருவோம். வெட்டிய பனைகள் எங்கே போகும்? வீட்டுக்கு உத்தரமாகவும் கைமரமாகவும் போவது முற்றிய மரத்தின் அடிப்பகுதி, அதிலும் புறவயிரம் மாத்திரமே. இக்காலத்தில் வீட்டுக்கு எவரும் அதனை வாங்குவதில்லை. போவது செங்கற்சூளைக்கு. நாம் முன்பு கண்டபடி உள்ளே சோறாய் இருக்கும் கட்டை, சூளையிற் சில நாழிகை எரிந்து சாம்பலாகும். வியாபாரி மரமொன்றுக்குத் தருவதாகச் சொல்வது சில நூறு ரூபாய். வெட்டுக்கூலி, வேர்பறிக்கும் இயந்திரத்தின் வாடகை, தரை நிரத்தும் செலவு ஆகியவற்றைக் கழித்தால் சங்கத்தின் கையிற் சேர்வது மண்டபத்தின் ஒருநாள் வாடகைக்கும் எட்டாது என்பது எம் கணக்கு. பொருளாளரவர்கள் இதனைச் சரிபார்க்க வேண்டுகிறோம், பிழையிருப்பின் திருத்திக்கொள்வோம்.

சட்டமும் ஒன்று உண்டு. பனை 1978 முதல் நம் மாநிலத்தின் மரம். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டு அரசு முதன்முறையாகத் தனியே அளித்த வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்தில், 76 இலட்சம் பனை விதைகளும் ஓர் இலட்சம் கன்றுகளும் வழங்குவதாகவும், பனையை வெட்டவேண்டின் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறவேண்டும் என்றும் அறிவித்தது. இதனை யாம் நினைவூட்டியபொழுது நம் அன்பர் ஒருவர், "ஆண்பனைகள் யாவும் பட்டுப்போனவை என்று எழுதி அனுமதி வாங்கிவிடலாம்" என்றார். அவர் பெயரைச் சொல்லோம், நல்லவர், அவசரத்திற் சொன்னார். ஆனால் அவ்விண்ணப்பத்தில் சங்கத்தின் முத்திரை இருக்கும், தலைவரவர்களின் கையெழுத்து இருக்கும். ஓலை விரித்துப் பாளைவிட்டு நிற்கும் மரத்தைப் பட்டமரம் என்று எழுதும் தாளில் நம் பெயர் இருக்கலாமா என்பதைச் சபையோரே தீர்மானியுங்கள்.

வண்டிகளுக்கு இடம் வேண்டுமென்பதை யாம் மறுக்கவில்லை. சென்ற தையில் நடந்த திருமணத்தில் தெரு முழுதும் அடைபட்டு, மணமகனே அரை மைல் நடந்து வந்தார் என்பது அறிவோம். நேற்று மாலை தோப்பை அளந்து பார்த்தோம். மேற்குப் புறத்திற் கருவேலும் உடையும் மண்டிக் கிடக்கும் இடம், பனையொன்றும் இல்லாதது, சுமார் அரை ஏக்கர் உள்ளது. அதனைத் திருத்தினாற் போதும். பனை நிழல் குறைவு என்று சொல்வர்; வண்டிக்கு நிழல் வேண்டுமாயின் வேம்பு வைத்துக்கொள்ளலாம்.

ஏறுவதற்கு ஆளில்லாத தோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இதற்கு எம்மிடம் முழுமையான விடை இல்லை. ஏறும் கருவிகள் வந்துள்ளன. தென்னைக்குச் செய்தவை பனைக்கு அப்படியே பொருந்துவதில்லை. இடுப்பிற் காப்புவார் கட்டி ஏறுவதை இளைஞர் சிலர் பழகுகிறார்கள். நம் பக்கத்து ஊரில் பட்டப்படிப்பு முடித்த ஒரு தம்பி, தம் விருப்பத்தினால் பனையேறக் கற்று, காலையில் பதநீர் இறக்கி முற்பகலுக்குள் விற்றுவிடுகிறார். குத்தகை கேட்டு நம் சங்கத்திற்கு இருமுறை கடிதம் எழுதியிருக்கிறாராம், மறுமொழி போகவில்லை. அக்கடிதங்களைத் தேடி எடுக்கும்படி காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

யாம் அவரிடம் நேரிற் பேசி, தலைவரவர்களின் இசைவோடு, நம் தோப்பின் கிழக்கோரத்து ஆண்பனைகள் இரண்டில் பாளை கட்டும்படி சொன்னோம். பத்து நாளாகச் சீவி வருகிறார்; இரண்டு கலயமும் நிறைகின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் இறக்குவார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எல்லோரும் வாருங்கள். குவளை கொண்டுவர வேண்டியதில்லை. ஓலைப்பட்டை அங்கேயே மடித்துத் தருவோம். ஏழாவது தீர்மானத்தை அதன்பின் எடுத்துக்கொள்ளத் தலைவரவர்கள் இசைவார்களாயின், யாம் அதற்கு வாக்களிக்க ஆயத்தமாய் இருக்கிறோம்.